பச்சை கேட் வீட்டு வாசலில்

"இன்னிக்கு கண்டுபிடிக்காம விடமாட்டேன் சார்," என்றான் மெக்கானிக் மாறன். தசரதனின் பழைய அம்பாசிடர் ஒரே மாதத்தில் நாலாவது முறையாகக் கொதித்துப்போய் வந்திருந்தது. ரேடியேட்டரைக் கழுவி, தெர்மோஸ்டாட்டும் மாற்றியாயிற்று.

"எப்பவும் எங்க சார் சூடாவுது?"

"அடி அண்ணாமலை கிராமத்துல, பச்சை கேட் வீட்டு வாசல்ல. தண்ணி கேட்டா குடுப்பாங்க."

ரேடியேட்டர் தண்ணீர்க் குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஹோஸ் கிளிப்பைத் தொட்ட மாறன் நிமிர்ந்தான். "போன வாரம் நானே இறுக்கினது. யாரோ லூஸ் பண்ணியிருக்காங்க சார்!"

தசரதன் சட்டைப்பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்து நீட்டினார்.

"தெருமுனையில நிறுத்தி நான்தாம்பா பண்றேன். அது என் பொண்ணு வீடு. காதல் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு, அவ வாசப்படிய மிதிக்கமாட்டேன்னு ஊரறியச் சொல்லிட்டேன். தண்ணிய அவளேதான் எடுத்தாருவா."

மாறன் பானெட்டை மூடினான்.

"ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல சார். அடுத்த வாரமும் கொண்டாங்க."