பட்டியலில் இல்லாதவன்

கலியம்மாள் பொட்டை அழிக்க மாட்டேன் என்று கூடத்தின் நடுவில் நின்றாள்.

சாதாரணப் பொட்டா அது? காலணா அகலத்துக்குக் குங்குமம். தலையில் கனகாம்பரம் வேறு.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மைன்ஸிலிருந்து நாங்கள் மூன்று பேர் துக்கம் கேட்கப் போயிருந்தோம். எனக்குப் போக இஷ்டமே இல்லை. ஃபோர்மேன் மாடசாமிதான் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனான். அந்தச் சின்ன குவார்ட்டர்ஸில் நிற்கவே இடமில்லை. நான் வாசல் நிலையோடு ஒட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அவள் புருஷன் சாமிக்கண்ணு எங்கள் செக்‌ஷனில் ஹெல்பர். பர்மனென்ட் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்கு ஒரு பேரிங் வாங்கிவரப் பம்பாய்க்கு ஆள் போனபோது அவனும் போனான். திரும்பி வரவில்லை.

அதே வாரம் பம்பாயில் கிளம்பிய மெட்ராஸ் பிளேன் எரிந்து விழுந்தது. ஒருத்தரும் மிஞ்சவில்லை.

நாலு நாள் கழித்து, சாமிக்கண்ணு பம்பாயில் தபாலில் போட்ட இன்லண்ட் லெட்டர் வீட்டுக்கு வந்தது. பிளேனில் வருகிறேன் என்று எழுதியிருந்தான்.

ஆனால் பேப்பரில் வந்த பட்டியலில் அவன் பெயர் இல்லை.

ஹெல்பருக்கு எவன் பிளேன் டிக்கெட் கொடுப்பான்? பெண்டாட்டியிடம் சும்மா பீற்றிக்கொண்டிருக்கிறான். ரயிலில் ஏறியவன் வழியில் இறங்கி, பேரிங்கோடு கம்பி நீட்டிவிட்டான். செக்‌ஷனில் இதுதான் பேச்சு.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் சாவு இல்லை. சாவு இல்லாவிட்டால் புருஷன் வேலை அவளுக்கு இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை. திருடன் பெண்டாட்டி என்ற பட்டம் மட்டும் நிச்சயம்.

நாத்தனார் சின்னம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "எம்மா நேரண்டி இப்பிடியே நின்னுகினு இருப்ப? போனவன் போய்ட்டான். வந்து ஒக்காரு."

"யாரு சொன்னது போய்ட்டாருன்னு?" கலியம்மாள் கையை உதறினாள். "செத்துட்டாருன்னு எழுதட்டும் அண்ணி, நானே அழிச்சிக்கறேன். ஓடிட்டாருன்னு சொல்றாங்களே, அப்ப உசுரோடதான இருக்காரு? உசுரோட இருக்கறவருக்கு நான் எதுக்கு அழிக்கணும்?"

அடேயப்பா, என்ன கேள்வி!

மாடசாமி தொண்டையைச் செருமினான். நாட்டில் எந்த மூலையில் பிளேன் விழுந்தாலும் பட்டியலை விரல் வைத்துப் படிக்கிற ஆள் அவன். நல்லவன்தான், வாய்தான் சும்மா இருக்காது.

"டெல்லியில விழுந்தப்பவும் பாத்தேம்மா. ஏறுனவன் பேரு ஒண்ணுகூட விட்டுப் போகாது" என்றான்.

கலியம்மாள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெண்களை விலக்கிக்கொண்டு நேராக வாசலுக்கு வந்து என் முன்னால் நின்றாள். மடியிலிருந்து லெட்டரையும் பேப்பரையும் எடுத்தாள்.

"லெட்டருல கடைசி வரிய நான் இன்னும் யாருக்கும் படிச்சுக் காட்டலீங்க. 'சார் டிக்கெட்டுல வரேன்'னு எழுதியிருக்காரு."

பேப்பரில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"பதினாலாவது பேரு உங்களுது. நீங்க செத்துட்டீங்களா சார்?"

டாக்ஸி லேட்டாகி பிளேனை விட்டுவிட்டேன், அம்மன்தான் காப்பாற்றினாள் என்று நான் டவுன்ஷிப் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். நான் மேலதிகாரி. குறுக்குக் கேள்வி கேட்க எவனுக்கும் துணிச்சல் வரவில்லை.

அத்தனையும் பொய். பம்பாயில் மச்சான் வீட்டில் இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று ஆசைப்பட்டேன். ஏறுகிறவன் யார், டிக்கெட்டில் இருப்பது யார் பெயர் என்று அந்தக் காலத்தில் ஒருத்தரும் கேட்பதில்லை. பேரிங்கும் சீக்கிரம் போய்ச் சேரும், நீயும் ஒருதடவை பிளேனில் ஏறிப் பாருடா என்று நான்தான் சாமிக்கண்ணுவின் சட்டைப் பையில் டிக்கெட்டைத் திணித்தேன். கூச்சப்பட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறணுமா சார் என்று கேட்டான்.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். அவனைத் திருடன் என்று பேசும்போதெல்லாம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சீ, நானும் ஒரு மனுஷனா!

"நான் சாகலம்மா" என்றேன். "சாமிக்கண்ணுதான்."

சின்னம்மாள் தலையில் அடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். பெண்கள் ஓவென்று அலறினார்கள். மாடசாமி என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான்.

கலியம்மாள் மட்டும் அசையவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் நீட்டினாள்.

"வாயால சொன்னா பத்தாதுங்க. எழுதிக் குடுங்க."