ரெண்டு அட்டை குறையுது

கோழிக் கொட்டகையிலிருந்து எடுக்கும்போது பத்து அட்டை முட்டை. மருமகளே தன் கையால் அடுக்கியது. கடை திறக்கும்போது எட்டு. ஒரு வாரமாக இதே கூத்து.

"பூனை தின்னா ஓடாவது கிடக்கும். அட்டையோடவா முழுங்கும்?" என்று புருஷனைக் கேட்டாள்.

"அம்மாகிட்ட கேளு" என்று அவன் நழுவிவிட்டான்.

பேக்கரிக்காரர் வேறு கெடு வைத்துவிட்டார். "நாளையிலிருந்து தினமும் பத்து அட்டை முழுசா வேணும்மா. இல்லேன்னா முட்டைக் கம்பெனி வேன்ல வாங்கிக்கிறேன்."

இருக்கிற ஒரே பெரிய வாடிக்கை!

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஜன்னலோரம் நின்று பார்த்தாள். மாமியார் ரெண்டு அட்டையைத் துண்டால் மூடிக்கொண்டு, வேலியைத் தாண்டிப் பக்கத்துப் பண்ணைக்குள் போனாள்.

அடக் கொடுமையே! இவர்கள் முட்டையைப் பற்றி வாய் கூசாமல் மட்டமாகப் பேசுகிற ஆளாயிற்றே அந்தப் பண்ணைக்காரன்!

வெறுங்கையோடு திரும்பிய மாமியாரை வாசலிலேயே மடக்கினாள். "நல்லா இருக்கு அத்தை! நம்ம முட்டை எதிராளி கடைக்கா போகுது?"

"கத்தாதேடி. சீக்கு வந்து அவன் கோழி மொத்தமும் போச்சு. புதுக் குஞ்சுங்க முட்டை போட நாலு மாசமாகும். அதுவரைக்கும் கடையைச் சாத்தினா, அவன் வாடிக்கையெல்லாம் கம்பெனி வேனுக்குப் போயிடும். அப்புறம் திரும்புமா?"

"போகட்டுமே! நமக்கென்ன வந்தது?"

"ரெண்டு பண்ணை இருக்கிறதாலதான் தீவன லாரி இந்த மூலைக்கு வருது. அவன் படுத்துட்டா, நம்ம ஒருத்தருக்காக எவன் வருவான்? பேக்கரிக்கு எட்டுதான் முடியும்னு சொல்லு. அது போனா இன்னொண்ணு வரும். லாரி நின்னா நாமளும் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

மருமகளுக்கு ஆறவில்லை. "நமக்கு ஒண்ணுன்னா அந்த ஆள் இப்படிச் செய்வாரா? சத்தியமா செய்ய மாட்டார்!"

மாமியார் அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நீ இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, கோழிக்குச் சீக்குன்னு உன்னைக் கொட்டகைப் பக்கமே விடலையே, ஏன்னு நினைச்சே? உள்ள வெறும் குஞ்சுங்கதான்டி. 'எங்க முட்டை மாதிரி பக்கத்துக் கடையில கிடைக்குமா'ன்னு நாலு மாசம் கூவிக் கூவி வித்தியே, அவ்வளவும் அவன் கோழி போட்டது."