ரத்த வகை தப்பு

"ரெண்டு மார்க்குதானேன்னு நீங்க லேசா சொல்லலாம் டீச்சர். அந்த ரெண்டு மார்க்காலதான் என் பொண்ணுக்கு முதல் பரிசு போச்சு."

தையல்காரர் தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெஷினிலேயே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது. பக்கத்தில் மகள் தலைகுனிந்து நின்றாள்.

"குடும்ப அட்டவணையில ரத்த வகை தப்பு. அதான் குறைச்சேன்," என்றார் உயிரியல் டீச்சர்.

நல்ல கதையாக இருக்கிறதே! பிள்ளை நாலு நாள் உட்கார்ந்து போட்ட அட்டவணை அது. யாருக்குச் சுருட்டை முடி, யாருக்குக் காது மடல் ஒட்டியிருக்கிறது என்று ஒன்று விடாமல் கேட்டு எழுதியிருந்தாள். அவரும் அதற்காகத் தையல் கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே நாக்கைச் சுருட்டிக் காட்டியிருந்தார்.

"நானும் வீட்டுக்காரியும் ஓ பாசிட்டிவ். பொண்ணு பி பாசிட்டிவ். இதுல என்ன தப்பைக் கண்டீங்க?"

"தப்புதாங்க. விட்டுடுங்க."

அவருக்குப் பொறுக்கவில்லை. காட்டிய நாற்காலியில் உட்காரவுமில்லை. பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேஜையில் போட்டார். இதற்காகவே நேற்று மகளைக் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்திருந்தார்.

"படிச்சுப் பாருங்க. பி பாசிட்டிவ். சீல்கூடக் குத்தியிருக்கு. இதைத்தான் இப்ப ஹெட்மாஸ்டர்கிட்ட காட்டப்போறேன்."

டீச்சர் அவசரமாகச் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "நீ கொஞ்சம் வெளியில நில்லும்மா."

மகள் போனதும் டீச்சர் பாடப்புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். "இது அடுத்த வாரப் பாடம். படிங்க."

தையல்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பெற்றோர் இருவரும் ஓ வகை என்றால் பிள்ளையும் ஓ வகையாகவே இருக்கும்.

மறுபடி படித்தார்.

பிறந்த பதினோராம் நாள் கைக்கு வந்த பிள்ளை. ஊரை மாற்றி, உறவை விலக்கி, பதினாலு வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் பொத்திப் பொத்தி வைத்த விஷயம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட மாதிரி, அதற்குச் சீல் குத்திய சாட்சியை அவரே கொண்டுவந்து போட்டிருக்கிறார்.

"எல்லா அட்டவணையும் வகுப்புச் சுவத்துல மாட்டணும். நாப்பது பிள்ளைங்க பாக்கும், அவளும் பாப்பா. தப்புன்னு சிவப்பு மையில இருந்தா யாரும் அதுக்கு மேல யோசிக்க மாட்டாங்க," என்றார் டீச்சர். "நாலு பேர் என்னைத் திட்டினாத் திட்டட்டும்."

தையல்காரர் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தார்.

மகள் சுவரோரமாக நின்றிருந்தாள்.

"டீச்சர் மேல தப்பில்லம்மா. அந்த லேப்காரன் மாத்திக் குடுத்துட்டான் போல," என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் அவர்கூட நடந்தாள். கேட்டைத் தாண்டியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரத்த வகைப் பாடத்தை நான் போன மாசமே படிச்சிட்டேன்ப்பா. அட்டவணையைப் பாத்துட்டாவது நீங்களே எங்கிட்ட சொல்வீங்கன்னுதான் உள்ளதை அப்படியே எழுதினேன்."