ஏனோக்கு சொன்ன ஆறுதல்

ஸ்கெலட்டன் சுரங்கக் குடியிருப்பின் உபதேசியார் ஏனோக்கு ஆறுதல் சொன்னால், கருங்கல்லும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பு மூட்டப் போய்விடும்.

கிதியோன் மட்டும் நம்பவில்லை. சுரங்கத்தில் பாறை சரிந்து தங்கை எஸ்தரின் கணவன் ஆபிரகாம் இறந்ததிலிருந்து, அவள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை; பேசவும் இல்லை.

"இப்படியே போனா இவளையும் இங்கதான் பொதைக்கணும்" என்றான், அடக்கத்துக்கு எல்லாரும் கூடியிருந்த கல்லறைத் தோட்டத்தில்.

"அவிசுவாசி, பேசாம இரு!" என்று அதட்டிய ஏனோக்கு, கைகளை அகல விரித்தார். "மகளே எஸ்தர்! நோக்கம் இல்லாமல் கர்த்தர் எதையும் செய்யார்! உன்னைவிட்டு ஓரடிகூடப் பின்வாங்கார்!"

எஸ்தர் திடீரென்று சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு உடைந்து, மடை திறந்தாற்போல அழுதாள்.

கடைசியில், "அண்ணே, பசிக்குது" என்றாள்.

"இன்னா கிதியோன், இப்பவாவது நம்பறியா?" என்று கூட்டம் கேட்டது.

"அவனை அப்புறம் கேளுங்க. மொதல்ல ஆள் ஏத்தற கேஜ் எறக்குங்கடா!" என்று குழிக்குள்ளிருந்து அலறினார் ஏனோக்கு.

ஆபிரகாமின் கூட்டாளிகள் சுரங்க ஷாஃப்ட் தோண்டும் பழக்கத்தில் சவக்குழியை மூன்று ஆள் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். 'பின்வாங்கார்' என்றபடியே பின்னால் நகர்ந்த உபதேசியார் உள்ளே போய்விட்டார்; எஸ்தர் சிரித்தது அதைப் பார்த்துத்தான்.

கிதியோன் குனிந்தான்.

"கயித்தப் புடிங்க, உபதேசியாரே. கர்த்தர் நோக்கத்தோடதான் தள்ளியிருக்கார். ஒத்துக்கறேன்."