ஐடில் ஸ்க்ரூ சுமந்த பாரம்

அந்தப் பழைய காரின் கார்பரேட்டரில், வண்டி நிற்கும்போது இன்ஜின் அணையாமல் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஐடில் ஸ்க்ரூவுக்குத் தலைக்கனம் சொல்லி மாளாது. சிக்னலில் கார் நிற்கும்போதெல்லாம் பக்கத்து ஆக்சிலேட்டர் கேபிளிடம், "டேய் கேபிளு, இன்ஜினுக்குக் காத்து விடுற லிவரை நான் மட்டும் தாங்கலைன்னா, வண்டிக்கு இந்நேரம் மூச்சு நின்னிருக்கும், தெரியுமாடா?" என்று பீற்றிக்கொள்ளும். கேபிள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

ஒருநாள் மெக்கானிக் சவரிமுத்து, நிற்கும்போது இன்ஜின் ரொம்ப உறுமுகிறதே என்று ஸ்க்ரூவைத் தளர்த்தினார். உறுமல் குறையவில்லை. இன்னும் திருகினார். ஸ்க்ரூ கழன்று அவர் உள்ளங்கையிலேயே விழுந்துவிட்டது. இன்ஜினோ அதே உறுமலோடு ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்க்ரூவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் வெளியில கிடக்கேன். அப்போ லிவரை யாரு தாங்குறது?"

"நான்தான்," என்றது கேபிள். "யாரோ என்னை விறைப்பா இழுத்துக் கட்டிட்டாங்க. ஒன்பது வருஷமா லிவர் உன்னைத் தொட்டதே இல்லை."

சவரிமுத்து ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டினார். பிறகு கேபிளைத் தளர்த்தினார். லிவர் ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக, மொத்தக் கனத்தோடு, ஸ்க்ரூவின் மேல் வந்து உட்கார்ந்தது.

"ஐயோ!" என்று அலறியது ஸ்க்ரூ. "விட்டுடாதீங்க, கேபிளண்ணே!"