வாசலில் வேப்பிலை

மூன்று குடிசை வாசலிலும் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அதைப் பார்த்ததுமே பைக்கை வரப்பு மேலேயே நிறுத்திவிட்டார் சகாதேவன். அம்மை போட்ட வீட்டுக்குக் கிட்டே அவர் போவதில்லை. அவருடைய அப்பாவும் போனதில்லை.

"ஏய் ஆராயி, வெளிய வா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

மூன்று வீட்டுக்காரர்களும் அவருடைய உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள். குடிசைகள் நிற்கிற மேடும் அவருடையதுதான். மாதம் தவறாமல் அம்மை வாங்கிக்கொள்கிற ஜனங்கள் என்று மரக்காணம் கடைத்தெருவில் இவர்களைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார். ஏசு படம் ஒட்டிய அந்தோணிராஜ் வீட்டுக் கதவிலும் இன்றைக்கு வேப்பிலை. சாமியை மாற்றினாலும் பயத்தை மாற்ற முடியவில்லை பார் என்று உதட்டைப் பிதுக்கினார்.

ஆனால் இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் இரண்டு வயதுப் பேரன் அனலாகக் கொதிக்கிறான். காலையில் முகமெல்லாம் சிவப்புத் தடிப்பு, கண்ணைத் திறக்க முடியவில்லை, இருமி இருமிப் பாலைக் கக்குகிறான். மாத ஆரம்பத்தில் கிளியனூர் கல்யாணத்தில் கைக்குக் கை மாறி அத்தனை பேரும் கொஞ்சிய பிள்ளை. அது ஏசி மண்டபம், அங்கே நோய் எங்கிருந்து வரும்? இந்த மேட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

கொரோனா சமயத்தில் ஊசி போட்டுக்கொண்ட அதே வாரம் அவருடைய தம்பி மாரடைப்பில் போய்விட்டான். அந்தத் துக்கம் நிஜம்தான். தம்பிக்குப் பல வருஷமாக இருந்த நெஞ்சுவலியை மட்டும் வசதியாக மறந்துவிட்டார். அப்புறம் செல்போனில் வந்த வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அவரே பாதி டாக்டர் ஆகிவிட்டார்.

"ஊசின்னு சொல்லிக்கிட்டு எவளாவது என் நெலத்துல கால வெச்சா, ஒருத்தருக்கும் வேலை கெடையாது" என்று இதே மேட்டில் நின்று சொன்னார். கொரோனா ஊசி மட்டுமில்லை, குழந்தைகளுக்குப் போடுகிற எல்லா ஊசியும் அதில் சேர்த்தி. எல்லோரும் தலையாட்டினார்கள். பி.எஸ்சி. படித்த மருமகள் கலைமதியே தலையாட்டினாள் என்றால் இதுங்க எம்மாத்திரம்?

ஆராயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கூடவே அவள் வீட்டிலிருந்து கருவாடு வறுக்கிற வாசனையும் வந்தது. அம்மை இருக்கிற வீட்டில் தாளிக்கக்கூட மாட்டார்கள். இவளானால் கருவாடு வறுக்கிறாள். சகாதேவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆத்தா வந்திருக்கிற வீட்ல கவுச்சி வறுக்கிறியே, அறிவு இருக்குதா ஒனக்கு?"

"புள்ளைங்க கேட்டுச்சுங்க."

"கேக்கும். அதனாலதான் மாசாமாசம் வாரிக்கிட்டு வர்றீங்க. இப்ப என் பேரனுக்கும் ஒட்டிக்கிச்சு."

ஆராயியின் முகம் மாறியது. "கொழந்தைக்கா? எப்பலேர்ந்துங்க?"

"கேள்வி கேக்காத. எந்த வீட்ல மொதல்ல வந்துச்சு, அதைச் சொல்லு. அந்த வீடு இன்னைக்கே காலி ஆவணும்."

அந்த நேரம் பார்த்து அந்தோணிராஜ் வீட்டுக்குள் ஒரு குழந்தை வீலென்று கத்தியது. யாரோ அதன் வாயைப் பொத்துவது போலச் சத்தம் சட்டென்று அடங்கியது.

"அந்த வீடுதானா? தூக்கிட்டு வரச் சொல்லு, நான் பாக்கணும்."

"வாணாங்க மொதலாளி."

"தூக்கிட்டு வர்றாங்களா, இல்ல ஜேசிபிய வரச் சொல்லட்டுமா?"

ஆராயி அந்தோணிராஜ் வீட்டுப் பக்கம் திரும்பினாள். "நர்சம்மா, வெளிய வாங்க. இவுரு பேரனுக்கு அம்மை வந்திருக்குதாம்."

கதவு திறந்தது. தடுப்பூசி வைக்கிற ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நர்ஸ் தெய்வநாயகி வந்தாள். பின்னால் அந்தோணிராஜ் மனைவி சந்தியா, இடுப்பில் விசும்புகிற பிள்ளையின் தொடையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகளும் கையில் கருவாட்டோடு வேடிக்கை பார்க்க ஓடி வந்தார்கள். ஒரு பிள்ளையின் மேலும் ஒரு பொட்டுத் தடிப்பு இல்லை.

சகாதேவன் பிள்ளைகளைப் பார்த்தார். அப்புறம் வேப்பிலையைப் பார்த்தார்.

"ஊசி போடுற அன்னைக்கு மட்டும் கட்டுவோங்க" என்றாள் ஆராயி. "இது தொங்குனா நீங்க கிட்ட வரமாட்டீங்க."

நர்ஸ் அதற்குள் வரப்புக்கே வந்துவிட்டாள். "கொழந்தைக்கு மூச்சு வாங்குதாங்க?"

அவர் ஆமென்று தலையசைத்தார்.

"வீட்ல வெச்சிக்கிட்டு இருக்காதீங்க, ஆபத்து. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்" என்று செல்லை எடுத்தவள், அவரை நம்ப முடியாமல் பார்த்தாள். "எத்தனையோ தடவ வந்தேன், ஒங்க வீட்டு கேட்டையே தாண்ட விடல. ஒங்க மருமவ படிச்ச பொண்ணாச்சே, ஒங்களுக்குத் தெரியாம பாண்டில கொண்டுபோய் ஊசி போட்டிருக்கும்னுல்ல நெனச்சேன்."

ஆராயிதான் பதில் சொன்னாள்.

"இல்லீங்க நர்சம்மா. ஐயா பேச்சக் கேட்டது அந்தப் பொண்ணு ஒண்ணுதான்."