ரேடியேட்டர் தண்ணீர்

மக்ரான் கடலோரச் சாலையில், மழை கரைத்து, காற்று அரித்து மிஞ்சிய களிமண் பாறைகள் கோபுரங்களாக நிற்க, அவற்றின் நிழலில் ஜீப் நிற்கிறது. பின்னால் படுத்திருக்கும் ஷம்பேயின் தொடை, திருக்கை மீனின் முள் குத்திக் கறுத்து வீங்கியிருக்கிறது. அந்த விஷத்தின் வலி சூட்டுக்குத்தான் அடங்கும். பிளாஸ்க்கில் இருந்த தேநீரைக்கூட மஹ்கஞ்ச் கணவனின் காயத்தில் ஊற்றித் தீர்த்துவிட்டாள். இப்போது தம்பி தில்முராதிடம் குவளையை நீட்டுகிறாள். "ரேடியேட்டர்ல இருந்து இன்னும் ஒரு தடவை எடுடா." "ஏற்கெனவே ரெண்டு தடவை எடுத்தாச்சுக்கா. இனி எடுத்தா வண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேராது." "எடு மாப்ள," ஷம்பே பல்லைக் கடித்தபடி சிரிக்கப் பார்க்கிறான். "ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிடாது." தில்முராத் துணியைச் சுற்றி மூடியைத் திருகுகிறான், ஆவி சீறுகிறது. பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய நீர் தொடையில் இறங்க, ஷம்பேயின் முகம் மெல்லத் தளர்கிறது. தில்முராத் சாவியைத் திருப்பாமல், வேறு வண்டி ஏதாவது வருகிறதா என்று சாலையைப் பார்க்கிறான். இரு பக்கமும் வெறிச்சோடிக் கிடக்கிறது.